வீடு தேடி வந்து திருப்பிக் கொடுத்தவர்கள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தொடங்கியவர் (நாசரேத்):

மனந்திரும்பியவர்களின் சாட்சி நிறையக் கேட்டிருக்கிறோம். மேடையில் நின்று "நான் இப்படி இருந்தேன், கர்த்தர் என்னைத் தொட்டார்" என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அவரிடம் ஏமாந்தவர் அந்தப் பந்தலில் உட்கார்ந்திருப்பதில்லை. அதனால் மறுபக்கத்தைக் கேட்கிறேன். உங்களுக்குத் தீங்கு செய்த யாராவது மனந்திரும்பி உங்கள் வாசலுக்கு வந்ததுண்டா?

என் அப்பாவிடம் வந்தார்கள். எங்கள் மளிகைக் கடையில் சின்ன வயதில் வேலை பார்த்தவர், வெளியூரில் நன்றாக இருக்கிறவர், ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வந்தார். காபி குடித்தார். மழை, விலைவாசி எல்லாம் பேசினார். கிளம்பும்போது ஒரு கவரை மேஜையில் வைத்து, "அண்ணாச்சி, கல்லாவிலிருந்து அப்பப்ப எடுத்திருக்கேன். ஞாபகம் இருக்கிற வரைக்கும் கணக்குப் போட்டு, அஞ்சில் ஒரு பங்கு கூடச் சேர்த்திருக்கேன்" என்றார். கன்வென்ஷன் கூட்டத்தில் சகேயுவைப் பற்றி, அதாவது ஏமாற்றி வாங்கியதைத் திருப்பித் தருகிறேன் என்று இயேசுவிடம் சொன்ன வரிவசூல்காரனைப் பற்றிக் கேட்டதிலிருந்து தூக்கம் இல்லையாம்.

"சரி, மன்னிச்சாச்சு, எடுத்துட்டுப் போப்பா" என்று அப்பா கவரைத் தள்ளினார். அவர் விடவில்லை. "மன்னிச்சது உங்க பெருந்தன்மை. பணம் இன்னும் என் பையிலதானே இருக்கு?"

அப்பா வாங்கிக்கொண்டார். ஆனால் முகம் தெளியவில்லை. அந்தக் காலத்தில் கல்லா குறைகிறது என்று இன்னொரு பையனைச் சந்தேகப்பட்டு வேலையைவிட்டு நிறுத்தியிருந்தார். கேட்பதா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருந்தபோது வந்தவரே சொன்னார்: "அவன் வீட்டுக்குப் போயிட்டுத்தான் இங்க வர்றேன். கதவைச் சாத்திட்டான். மறுபடியும் போவேன்." அடுத்த வாரம் அப்பாவும் அங்கே போனார். என்ன பேசினார்கள் என்று எங்களிடம் சொன்னதில்லை.

மார்த்தாண்டம் பக்கம்:

பிரதர், நான் ரயில்வேயில் டிக்கெட் கவுண்டரில் இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு பையன் சென்னைக்கு முன்பதிவில்லா டிக்கெட் ஒன்று கேட்டான். கொடுத்தேன். அங்கேயே நின்று நாலாகக் கிழித்துப் போட்டுவிட்டு இன்னொன்று கேட்டான். அதையும் கிழித்தான். வரிசையில் நின்றவர்கள் "சார், இவனுக்கு மூளை சரியில்லை, போலீஸைக் கூப்பிடுங்க" என்று சத்தம் போட ஆரம்பித்துவிட்டார்கள். கல்லூரிக் காலத்தில் டிக்கெட் இல்லாமல் போனதற்கெல்லாம் இப்போது கட்டுகிறானாம். அப்புறம்தான் எனக்கு விளங்கியது. ரயில்வேக்கு வரவேண்டிய காசு வந்து சேர இதைவிடச் சுலபமான வழி எனக்கும் தெரியவில்லை. கூட்டம் இல்லாத நேரத்தில் வா தம்பி என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

கோயம்புத்தூர் சகோதரி:

எல்லாரும் நல்லதாகவே சொல்கிறீர்கள். என் அனுபவம் அப்படி இல்லை. என் நாத்தனார் ஒரு உபவாசக் கூட்டம் முடிந்த கையோடு வந்து, கல்யாணமான புதிதில் என்னைப் பற்றிச் சொந்தக்காரர்களிடம் என்னென்ன இல்லாததைச் சொன்னார் என்று ஒவ்வொன்றாக ஒப்புவித்தார். அதில் பாதி எனக்குத் தெரியவே தெரியாது. அழுதார், ஜெபம் பண்ணினார், லேசாகிப் போனார். அவருக்கு இறங்கிய பாரம் எனக்கு ஏறியது. எந்த விசேஷத்துக்குப் போனாலும் 'இவர்களுக்கும் சொல்லியிருப்பாரோ' என்றுதான் ஓடும்.

இதை எங்கள் சபையில் ஒரு வயதான அம்மாவிடம் சொன்னேன். அவர் நேராக நாத்தனாரைக் கூப்பிட்டு, "இவகிட்ட அழுதது போதும். யார் யார்கிட்ட சொன்னியோ அங்கெல்லாம் போய் 'நான் சொன்னது பொய்'னு சொல்லிட்டு வா" என்றார். நாத்தனார் போனார், உடனே இல்லை. சித்தப்பா வீட்டில் திட்டு வாங்கியிருக்கிறார். அதற்குப் பிறகுதான் எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்தது.

ஒரு வாசகர்:

கடைக்காரரிடம் வந்தவர் போட்ட ஐந்தில் ஒரு பங்கு பைபிளில் லேவியராகமம் 6:5-இல் இருக்கிறது. தானாக முன்வந்து ஒப்புக்கொள்கிறவன் முதலோடு அவ்வளவு கூட்டிக் கொடுத்தால் போதும். ஆட்டைத் திருடி அடித்தவன் அல்லது விற்றவன்தான் யாத்திராகமம் 22:1-இன்படி ஒன்றுக்கு நாலு கொடுக்கவேண்டும். சகேயு தானாக ஒப்புக்கொண்டும் "நாலத்தனையாக", அதாவது நாலு மடங்காக, என்கிறான். திருடனுக்கான தண்டனையைத் தனக்குத் தானே போட்டுக்கொள்கிறான். அதைவிட முக்கியம், இயேசு அவன் வீட்டில் தங்கப்போகிறேன் என்று சொன்ன பிறகுதான் இதெல்லாம். பணத்தையெல்லாம் கொடுத்து முடித்துவிட்டு அவன் இயேசுவைக் கூப்பிடவில்லை.

எழுப்புதல் வந்த, அதாவது ஜனங்கள் கூட்டம் கூட்டமாக மனந்திரும்பிய இடங்களில் இது திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. 1907-இல் கொரியாவின் பியாங்யாங்கில் கில் சொன்-ஜு என்ற மூப்பர் சபை முன்னால் எழுந்து "நான்தான் ஆகான்" என்றார். ஆகான் என்பவன் பைபிளில் எடுக்கக் கூடாததைத் திருடி ஒளித்துவைத்தவன். இறந்துபோன நண்பர் நம்பி ஒப்படைத்த சொத்தில் தான் எடுத்துக்கொண்ட பணத்தை அந்த விதவைக்குத் திருப்பித் தருவதாக அங்கேயே அறிவித்தார். 1920-களில் பெல்ஃபாஸ்டில் டபிள்யூ. பி. நிக்கல்சன் கூட்டங்கள் நடத்தியபோது, டைட்டானிக் கட்டிய அதே கப்பல் தளத்துத் தொழிலாளர்கள் திருடிய கருவிகளைத் திருப்பிக் கொண்டுவந்து குவித்தார்களாம். வைக்க இடமில்லாமல் தனிக் கொட்டகை போட்டார்கள் என்று இன்றும் சொல்கிறார்கள்.

மணப்பாடு:

நாங்கள் கத்தோலிக்கர். பாவத்தைச் சாமியாரிடம் அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் திருட்டைச் சொன்னால், பொருளைத் திருப்பிக் கொடு என்று சாமியார் சொல்வார். முடிந்தவரை ஈடு செய்யவேண்டும் என்பது திருச்சபையின் போதனை. முகம் காட்ட வெட்கப்படுகிறவர் அவர் வழியாகவே கொடுத்தனுப்பலாம். எங்கள் வலை ஒன்று களவு போய் வெகுகாலம் கழித்துப் பங்குச் சாமியார் வீட்டுக்கு வந்து ஒரு கவரைக் கொடுத்து, "யாரென்று கேட்கக் கூடாது" என்றார். அப்பா கேட்கவில்லை. அம்மாவால்தான் முடியவில்லை. அடுத்த ஞாயிறு பூசை முழுக்க, யார் முகத்தில் நிம்மதி தெரிகிறது என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா முழங்கையால் இடித்தும் பிரயோசனமில்லை.

புதியவர்:

ஒரு சந்தேகம். எனக்குத் தெரிந்த ஒருவர் ஒரு முதலாளிக்குப் பணம் தரவேண்டும். முதலாளி இறந்துவிட்டார். அந்தத் தொகையைச் சபையில் காணிக்கையாகப் போட்டுவிடலாமா?

தொடங்கியவர் (நாசரேத்):

எண்ணாகமம் 5:7, 8 பாருங்கள் தம்பி. முதலில் உரியவர், அவர் இல்லாவிட்டால் உறவினர், வாங்க உறவினரும் இல்லாவிட்டால்தான் ஆசாரியன் வழியாகக் கர்த்தருக்கு. முதலாளிக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று முதலில் விசாரிக்கச் சொல்லுங்கள். காணிக்கைப் பெட்டியில் போடுவது அவருக்குச் சுலபம், யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். பிள்ளைகள் கேட்பார்கள். கேட்கட்டும்.