மறு: பம்ப் ஸ்டீயர் – தமிழில் என்ன சொல்லலாம்?

> ‘மேட்டுத் திருப்பம்’ என்றே வைத்துவிடலாமே. எல்லோருக்கும் புரியும்.

வணக்கம் நண்பர்களே,

புரியும், ஆனால் தவறாகப் புரியும். ‘மேடு’ என்றதும் பழி சாலையின் மேல் விழுகிறது. பம்ப் ஸ்டீயர் என்பது, ஓட்டுநர் ஸ்டீயரிங்கைத் திருப்பாமலே, சக்கரம் மேலும் கீழும் அசையும்போது தானாகத் திசை மாறும் கோளாறு. இதற்கு மேடு தேவையே இல்லை. பிரேக்கை அழுத்தினால் வண்டியின் முன்பக்கம் தாழ்கிறது, சக்கரம் உடலை நோக்கி ஏறுகிறது; அந்த ஏற்றத்திலேயே அது திசை மாறிவிடும். பள்ளத்தில் இறங்கும்போதும் அப்படித்தான்.

‘திருப்பம்’ என்பதில் எனக்கு இன்னும் பெரிய தடை. திருப்புவது பிறவினை, திரும்புவது தன்வினை. ஓட்டுநர் சக்கரத்தைத் திருப்புகிறார். இங்கே அவர் கை அசையவே இல்லை, சக்கரம் தானாகத் திரும்புகிறது. ஆபத்து முழுவதும் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. தமிழ் ஒரே எழுத்தில் அதைக் காட்டும்போது நாம் ஏன் விட்டுவிட வேண்டும்?

கோளாறு பிறக்கும் இடத்தையும் பாருங்கள். அமெரிக்காவில் பழைய கார்களுக்கும் பிக்கப்களுக்கும் 1974 முதல் 1978 வரை வந்த ஃபோர்டு மஸ்டாங்-2 காரின் முன் சஸ்பென்ஷன் அமைப்பைப் பொருத்துவது நெடுநாள் வழக்கம். அகலமான வண்டிக்காகக் குறுக்குச் சட்டத்தை நீட்டி, லோயர் ஆர்ம்களின் (சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் கீழ்க் கைகளின்) உள்மூட்டுகளை வெளியே தள்ளி வைத்துவிட்டு, ஸ்டீயரிங் ரேக்கை (ஸ்டீயரிங்கைச் சுழற்றினால் பக்கவாட்டில் நகரும் பல்தண்டை) மட்டும் பழைய அகலத்திலேயே மாட்டினால், ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் ஆர்மைவிட நீளமாகிவிடும். ஆர்ம் 300 மி.மீ., டை ராட் 380 மி.மீ., இரண்டும் ஒரே உயரத்தில் கிடைமட்டமாக இருப்பதாகக் கொள்வோம். சக்கரம் 50 மி.மீ. ஏறினால் ஆர்மின் முனை 4.2 மி.மீ. உள்ளே வரும், டை ராடின் முனை 3.3 மி.மீ.தான் வரும். மீதமுள்ள 0.9 மி.மீ. சக்கரத்தைத் திருப்பிவிடும். டை ராட் பிடித்துச் சக்கரத்தைத் திருப்பும் ஸ்டீயரிங் ஆர்ம் 125 மி.மீ. என்றால் அது சுமார் 0.4 பாகை. மஸ்டாங்-2இல் ரேக் அச்சுக்கு முன்னால் இருப்பதால் சக்கரத்தின் முன்பக்கம் வெளியே போகும். ஒரு சக்கரம் மட்டும் ஏறினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

எனவே ரேக்கின் அகலமும் உயரமும் ஆர்ம்களின் மூட்டுகளுக்குப் பொருந்த வேண்டும். ஸ்பிரிங்கைக் கழற்றி, ஜாக்கால் சக்கரத்தைச் சிறிது சிறிதாக ஏற்றி இறக்கி, அது எவ்வளவு திரும்புகிறது என்று அளந்து பார்க்காமல் சாலைக்குக் கொண்டுபோகக் கூடாது. (டை ராட் முனையின் கூம்பும் அது உட்காரும் துளையின் கூம்பும் ஒத்திருக்கின்றனவா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். ‘இறுக்கினால் உட்கார்ந்துவிடும்’ என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.)

‘துள்ளல் திரும்பல்’ என்று இன்னொரு நண்பர் எழுதியிருந்தார். ஓசை அழகு. ஆனால் பிரேக் பிடிக்கும்போது எதுவும் துள்ளுவதில்லை. ‘தன்திரும்பல்’ என்றால் ஓட்டுநரில்லாக் கார் நினைவுக்கு வரும்.

என் பரிந்துரை: ஏறிறங்கு திரும்பல். ஏறுமுகம், இறங்குமுகம் போல வினைத்தொகை. அதனால் நடுவில் ஒற்று மிகாது. சக்கரம் ஏறி இறங்கும்போது நேரும் திரும்பல் என்று பட்டறையில் இருப்பவருக்கும் விளக்கமின்றிப் புரியும். ரேக்கை எப்படிச் சோதிப்பது என்பதும் சொல்லிலேயே இருக்கிறது. ‘திரும்பல்’ நிலைத்தால், வளைவில் வண்டி சாயும்போது சக்கரம் திசை மாறுவதைச் ‘சாய்திரும்பல்’ எனலாம்.

சக்கரங்களின் முன்பக்கம் உள்நோக்கியிருக்கும் டோ-இன், வெளிநோக்கியிருக்கும் டோ-அவுட் இரண்டுக்கும் எனக்கு இன்னும் நல்ல சொல் அகப்படவில்லை. ‘முன்குவிவு’, ‘முன்விரிவு’ பொருந்துமா?