ராஜபாளையம் குட்டி வாங்கப் போனபோது பெரியப்பா செய்த சோதனை

குட்டி வாங்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கேட்பவர்களுக்காக என் அனுபவத்தை எழுதுகிறேன். வெள்ளை உடம்பு, ரோஸ் மூக்கு, அசல் ராஜபாளையம்தான் வேண்டும் என்று வீட்டில் எல்லாரும் ஒற்றைக் காலில் நின்றார்கள். தோட்டத்தில் நாய் வளர்த்துப் பழகிய பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு போனோம்.

முதலில் போன இடத்தில் அவர் கேட்டது விலையை இல்லை, "தாய் எங்கே?" என்றுதான். "அது ஊர்ல இருக்குங்க" என்று பதில் வந்ததும் கிளம்பிவிட்டார். அடுத்த இடத்தில் தாய் கண்ணெதிரே இருந்தது. குட்டிகள் ஒன்றன் மேல் ஒன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தன. பெரியப்பா ஒவ்வொன்றையும் தனியாகத் தூக்கிப் பக்கத்து அறையில் விட்டு, அதன் முதுகுக்குப் பின்னால் தள்ளி நின்று சாவிக்கொத்தைக் குலுக்கினார். தரையைத் தட்டினால் அதிர்வை உணர்ந்து, காது கேட்காத குட்டியும் திரும்பிவிடுமாம். எல்லாம் திரும்பின, ஒன்றைத் தவிர. கூட்டத்தில் இருந்தபோது அதற்கு ஒரு குறையும் தெரியவில்லை. மற்றவை எழுந்தால் அதுவும் எழுந்தது, ஓடினால் ஓடியது.

முழு வெள்ளை ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு வருவது உண்டு. தோலுக்கு நிறம் தரும் செல்கள் உள்காதிலும் வேலை செய்கின்றன. அவை அங்கே இல்லாவிட்டால், பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் திறன் போய்விடுகிறது. டால்மேஷியனிலும் இது உண்டு. ஒரு காது மட்டும் கேட்காத குட்டியைச் சாவிச் சத்தத்தை வைத்துக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

சாவிச் சத்தத்துக்குத் திரும்பாத அந்தக் குட்டியைப் பெரியப்பாவே எடுத்துக்கொண்டார். எல்லாமே கைஜாடைதான். இருட்டிய பிறகு தோட்டத்து லைட்டை அணைத்துப் போட்டால் எங்கிருந்தாலும் ஓடி வருகிறது. தூங்கும்போது திடீரென்று தொட்டால் மிரண்டு கடிக்க வாய்ப்பு உண்டு. அதனால் வீட்டுப் பிள்ளைகள் காலால் தரையைத் தட்டி எழுப்பப் பழகியிருக்கிறார்கள். வண்டிச் சத்தம் கேட்காது என்பதால் சங்கிலி இல்லாமல் ரோட்டுக்கு விடுவதே இல்லை. இவ்வளவுக்கும் தயாராக இருப்பவர் கையில் அது சேர்ந்ததில் எனக்கு அத்தனை சந்தோஷம்.

அப்புறம் வயது. 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது என்று நாய் வளர்ப்பு, விற்பனைக்கான மத்திய அரசின் 2017 விதிகளே சொல்கின்றன. ஆனாலும் ஒரு மாதக் குட்டியைக் கூடையில் வைத்து விற்கிறார்கள். நண்பர் வீட்டுக்கு அப்படி வந்த குட்டிக்குச் சில நாளிலேயே வாந்தி, ரத்தபேதி. பார்வோ என்ற வைரஸ் நோய். டிரிப்ஸ் ஏற்றியும் பிழைக்கவில்லை. அந்தக் கிருமி தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆகவே அதே வீட்டுக்கு ஊசி போடாத இன்னொரு குட்டியை உடனே கொண்டு வராதீர்கள். பினாயில் போதாது, பிளீச்சிங் பவுடர் கரைத்துக் கழுவ வேண்டும்.

எங்கள் குட்டிக்கு 16 வாரம் தாண்டி, கடைசித் தவணை ஊசியும் போட்ட பிறகுதான் தெருவில் இறக்கினோம். அதுவரை மொட்டை மாடிதான். சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை நாய்களை அபார்ட்மென்ட்டில் வளர்ப்பவர்கள் அதன் ஓட்டத்துக்கு என்ன செய்கிறீர்கள் என்று எழுதுங்கள். அது எனக்குத் தெரியாத விஷயம்.