சாப்பிட்ட சோறு எங்கே போகுது? பிள்ளைகளுக்குச் செரிமானம் சொல்லிக்கொடுத்தவர்களின் அனுபவங்கள்

தன்னார்வலர், திண்டிவனம் பக்கம்

இல்லம் தேடிக் கல்வி மையத்தில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் எடுத்திருக்கிறேன். செரிமான மண்டலம் அவர்களுக்குப் புதிதில்லை. "படம் வரைந்து பாகங்களைக் குறி" என்றால் உணவுக்குழாய், இரைப்பை, கல்லீரல் என்று கோடு இழுத்து எழுதிவிடுவார்கள். ஆனால் "சாப்பிட்ட சோறு எந்த இடத்தில் உன் ரத்தத்தோடு சேருது?" என்று கேட்டால் மொத்த வகுப்பும் இரைப்பையைத்தான் சொல்லும். வயிறு என்றாலே அந்தப் பைதான் என்ற எண்ணம். உண்மையில் பெரும்பாலான வேலை நடப்பது சிறுகுடலில். இதைப் புரியவைக்காமல் மற்ற எதைச் சொன்னாலும் பயனில்லை என்பது என் எண்ணம்.

அதற்கு நான் எடுத்துக்கொண்டது ஒரு பழைய சுங்குடிப் புடவை. பெரியவர்களின் சிறுகுடல் ஏறக்குறைய 6 மீட்டர். ஆளுக்கு ஆள் கொஞ்சம் கூடும், குறையும். புடவை ஐந்தரை மீட்டர், ரவிக்கைத் துணியோடு சேர்த்தால் ஆறைத் தாண்டும். இரண்டு பிள்ளைகளை ஆளுக்கு ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி, திண்ணையிலிருந்து தெருக் குழாய் வரை நீட்டினோம். உணவுக்குழாய்க்கு அவர்களுடைய ஸ்கேலே போதும், 25 சென்டிமீட்டர்தான். பெருங்குடலுக்கு ஒரு குளிக்கிற துண்டு, சுமார் ஒன்றரை மீட்டர். மூன்றையும் தெருவில் பக்கம் பக்கமாகப் போட்டதும் ஒரு பையன் கேட்டான்: "அக்கா, இவ்ளோ நீளம் எப்படி வயித்துக்குள்ள இருக்கு?"

அந்தக் கேள்விக்காகத்தான் புடவையே. கொசுவம் வைத்துக் காட்டினேன். கையளவு இடத்தில் எவ்வளவு துணி அடங்குகிறது பாருங்கள் என்றேன். சிறுகுடலின் உள்சுவரும் அப்படி மடிப்பு மடிப்பாக இருக்கிறது. மடிப்புகளின் மேல் குடலுறிஞ்சிகள் என்ற விரல்போன்ற குட்டி நீட்சிகள், ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குள். அவற்றின் மேல் இன்னும் நுண்ணிய இழைகள். பரப்பு கூடக் கூட, சத்து உள்ளே போக வழி கூடுகிறது. பழைய புத்தகங்களில் இந்தப் பரப்பை டென்னிஸ் மைதானம் அளவு என்று போட்டிருப்பார்கள். ஸ்வீடனில் கோத்தன்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் மறுபடி அளந்து பார்த்து, 30 முதல் 40 சதுர மீட்டர்தான், அதாவது பாட்மிண்டன் மைதானத்தில் பாதி அளவு என்று சொன்னார்கள். இதைப் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். புத்தகத்தில் அச்சான எண்ணையும் அளந்து திருத்தலாம் என்பது அவர்களுக்குத் தெரியட்டும்.

அடுத்தது வாய். குழம்பு, உப்பு எதுவும் இல்லாத வெறும் சோறு ஒரு வாய். விழுங்காமல் மென்றுகொண்டே இருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் லேசாக இனிக்கும். உமிழ்நீரில் இருக்கும் அமைலேஸ் என்ற நொதி, மாவுச்சத்தை மால்டோஸ் என்ற சர்க்கரையாக உடைப்பதுதான் காரணம். நம்பாதவர்களுக்கு அயோடின் சோதனை. நீர்த்த சோற்றுக் கஞ்சியை இரண்டு டம்ளரில் எடுத்து, ஒன்றில் மட்டும் உமிழ்நீர் சேர்த்துக் கலக்கி, பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து இரண்டிலும் அயோடின் சொட்டு விட வேண்டும். உமிழ்நீர் இல்லாததில் மாவுச்சத்து அப்படியே இருப்பதால் அது கருநீலமாகிவிடும். மற்றதில் நிறம் வெளுத்து வரும், அல்லது மாறவே மாறாது. கஞ்சி வெதுவெதுப்பாக இருக்கட்டும், கொதிக்கக் கொதிக்க இருந்தால் நொதி செயலிழந்துவிடும். அயோடின் கலந்ததை யாரும் வாயில் வைக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

இட்லியை ஜிப் கவரில் போட்டு எலுமிச்சைச் சாறு ஊற்றிப் பிசைந்து "இதுதான் இரைப்பை" என்று காட்டும் வீடியோக்கள் நிறைய வருகின்றன. பிசைவதைக் காட்ட அது சரி. ஆனால் அமிலம்தான் உணவைக் கரைக்கிறது என்று பிள்ளைகள் மனதில் பதிந்துவிடுகிறது. இரைப்பையில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருப்பது உண்மைதான். அது கிருமிகளைக் கொல்கிறது, பெப்சின் என்ற நொதி வேலை செய்யத் தோதான சூழலைத் தருகிறது. புரதத்தை வெட்டுவது பெப்சின். இதற்கு நம் வீட்டிலேயே உதாரணம் இருக்கிறது. முற்றின ஆட்டுக்கறி சீக்கிரம் வேக ஒரு துண்டு பப்பாளிக்காய் போடுவோம் இல்லையா? பப்பாளிப் பாலில் இருக்கும் பப்பைன் கறியின் புரதத்தைத்தான் உடைக்கிறது. "அந்த வேலையை உன் வயிறு அடுப்பில்லாமலே செய்யுது" என்றதும் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "அப்ப வயிறும் கறிதானே அக்கா, அது ஏன் செரிச்சுப் போகலை?" என்றாள். இரைப்பையின் உள்சுவரில் பூசியிருந்து அதைக் காக்கும் சளிப்படலத்தைப் பற்றி நான் சொல்லத் திட்டமிட்டிருக்கவே இல்லை. அவள் கேள்வியால் அன்றைக்கு அந்தப் பாடமும் நடந்தது.

அறிவியல் ஆசிரியர், திண்டுக்கல்

அக்கா, புடவை அருமை. எங்கள் வீட்டில் கறிக்கடை, அதனால் எனக்குக் கையில் கிடைத்தது ஆட்டுக்குடல். ஏழாம் வகுப்புக்குக் காட்டுவதற்கு முன் ஒவ்வொரு பிள்ளையிடமும், வீட்டிலும் கேட்டுக்கொண்டேன். சைவக் குடும்பப் பிள்ளைகள் விரும்பினால் மட்டும் பார்க்கலாம், இல்லாவிட்டால் படம் வரையலாம் என்று சொல்லிவிட்டேன். கையுறை, சோப்பு, ஓடும் தண்ணீர், இந்த மூன்றும் இல்லாமல் இதை யாரும் செய்ய வேண்டாம்.

ஆட்டுக்கும் நமக்கும் வித்தியாசத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஆடு அசைபோடும் பிராணி, வயிற்றில் நான்கு அறைகள். முதல் அறையின் உள்ளே பூத்துண்டுபோல் சொரசொரவென்று இருக்கும். அதைப் பார்த்ததும் பிள்ளைகள் "இதுதானே சார் குடலுறிஞ்சி?" என்பார்கள். இல்லை. அந்த அறையில் நுண்ணுயிரிகள் தழையை நொதிக்கவைக்கின்றன, அதில் கிடைக்கும் அமிலங்களை உறிஞ்சத்தான் அந்தச் சொரசொரப்பு. நம் குடலுறிஞ்சி அதைவிட மிகச் சிறியது, சிறுகுடலில் இருப்பது.

நான் எதிர்பார்க்காத அளவுக்குப் பிள்ளைகள் நின்று பார்த்தது பெருங்குடலைத்தான். முதல் அறையைத் திறந்தால் பச்சைக் கூழ். சிறுகுடலில் தண்ணியாக இருக்கிறது. பெருங்குடலின் கடைசிப் பகுதிக்கு வந்தால், குடலுக்குள்ளேயே வரிசையாகப் புழுக்கை! வெளியிலிருந்து பார்த்தாலே மணி கோத்ததுபோல் தெரியும். தண்ணியாக இருந்தது எப்படிக் கெட்டியானது என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "தண்ணிய குடல் எடுத்துக்கிச்சு சார்" என்று அவர்களே சொன்னார்கள். அப்புறம், வயிற்றுப்போக்கு வந்தால் ஏன் ஓஆர்எஸ் கரைத்துக் குடிக்கச் சொல்கிறார்கள் என்பதை விளக்க எனக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

பித்தப்பையையும் தனியாக எடுத்து வைத்திருந்தேன். கறி வெட்டுகிறவர்கள் அதை உடையாமல் எடுப்பார்கள், உடைந்தால் ஈரல் கசந்துவிடும் என்பது எங்கள் கடையில் எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் அந்தக் கசப்பு நீருக்கு என்ன வேலை? ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர், மேலே கொஞ்சம் கடலை எண்ணெய். எண்ணெய் மிதக்கும். பித்தநீரைச் சில சொட்டு விட்டுக் குலுக்கினால் எண்ணெய் பொடிப் பொடித் துளியாகச் சிதறி, தண்ணீர் கலங்கலாகிவிடும். கொழுப்பை அப்படிச் சிறுசாக்கிக் கொடுத்தால்தான் கணையத்திலிருந்து வரும் நொதி அதை எளிதாக உடைக்க முடியும். ஆட்டுக்குடல் கிடைக்காதவர்கள் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தை வைத்தும் இதைக் காட்டலாம்.

"பள்ளிக்கூடத்தில் இதெல்லாம் எதற்கு?" என்று ஒரு பெரியவர் கேட்டார். அவர் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் தாளில் இளஞ்சிவப்பு நிறத்தில் வரைந்த குடலை மட்டும் பார்த்து வளரும் பிள்ளைக்குத் தன் உடம்பைப் பற்றிய பயமும் அருவருப்பும் போகவே போகாது.

ஒரு அம்மா, கோயம்புத்தூர்

என் அனுபவம் சின்னதுதான். மகன் புளியங்கொட்டையை விழுங்கிவிட்டு, வயிற்றில் மரம் முளைக்கும் என்று தூங்காமல் அழுதான். அவனுடைய தாத்தா விளையாட்டாகச் சொன்னது. "முளைக்கக் காற்று வேணும், உள்ளே அது போதாது, அமிலம்தான் இருக்கு, கொட்டை அப்படியே வெளியே வந்துடும்" என்றேன். பபுள்கம்மும் அப்படித்தான், குடலில் ஒட்டிக்கொள்ளாது. ஆனால் பயப்பட வேண்டியது ஒன்று உண்டு: பொம்மையிலும் ரிமோட்டிலும் இருக்கும் வட்ட பட்டன் பேட்டரி. உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே புண்ணாக்கிவிடும். உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். மரம் முளைக்கும் என்று பயமுறுத்துவதற்குப் பதில் இதைச் சொல்லி வையுங்கள்.

புரையேறினால் "யாரோ உன்னை நினைக்கிறாங்க" என்று தலையில் தட்டுவதும் எங்கள் வீட்டில் உண்டு. நான் அதை நிறுத்தவில்லை. கூடவே, விழுங்கும்போது குரல்வளை மூடி மூச்சுக்குழாயை மறைத்துக்கொள்ளும், பேசிக்கொண்டே சாப்பிட்டால் அது தடுமாறும் என்றும் சொல்லித் தந்தேன். இப்போது இருமல் நின்றதும் அவனே "மூடி சரியா மூடலம்மா" என்கிறான்.

ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர், மதுரை

மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் ஒரு உண்மைக் கதை சொல்வேன். 1822 ஜூன் 6ஆம் தேதி, அமெரிக்காவில் மிச்சிகன் பக்கம் மக்கினாக் தீவில், அலெக்ஸி செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞர்மேல் தவறுதலாகத் துப்பாக்கி வெடித்தது. விலங்குகளின் ரோமத்தோல் வியாபாரத்தில் கூலிக்குப் படகு வலித்த கனடாக்காரர். ராணுவ மருத்துவர் வில்லியம் போமன்ட் அவர் உயிரைக் காப்பாற்றினார். ஆனால் காயம் ஆறும்போது வயிற்றுக்குள் பார்க்கும்படியான ஒரு துளை நிலைத்துவிட்டது.

1825 முதல் போமன்ட் அந்தத் துளை வழியே ஆய்வு செய்தார். பட்டு நூலில் இறைச்சித் துண்டு, ரொட்டி, முட்டைக்கோஸ் எல்லாம் கட்டி உள்ளே விட்டு, மணிக்கணக்கு வைத்து வெளியே இழுத்துப் பார்த்தார். இரைப்பை நீரைச் சீசாவில் எடுத்து உடம்புச் சூட்டில் வைத்து, அதிலும் இறைச்சி கரைவதைக் கண்டார். செரிமானம் வெறும் அரைத்தலோ சூடோ அல்ல, அது ஒரு வேதிவினை என்பதற்கு அது பலமான சான்று. 1833இல் புத்தகமாக வெளியிட்டார். மார்ட்டினுக்குக் கோபம் வந்தபோது செரிமானம் மாறியதையும் அவர் குறித்திருக்கிறார். பரீட்சை நாளில் வயிறு கலக்குவதாகச் சொல்லும் பிள்ளைகள் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவார்கள்.

கதையை அங்கேயே நிறுத்தக் கூடாது என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. மார்ட்டினுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, வறுமை. ஒப்பந்தம் எழுதி அவரை வைத்திருந்தார் மருத்துவர். மார்ட்டின் பலமுறை விட்டுப் போய்விட முயன்றிருக்கிறார். 1880இல் அவர் இறந்தபோது, மருத்துவர்கள் உடலை எடுத்துவிடக் கூடாது என்பதற்காகக் குடும்பத்தார் அது அழுகும்வரை வைத்திருந்துதான் புதைத்தார்கள். "அவர்கிட்ட அனுமதி கேட்டாங்களா சார்?" என்று கேட்காத வகுப்பு இல்லை. அந்தப் பேச்சு மணி அடித்த பிறகும் நடக்கும், நடக்க விடுவேன்.

கிராம சுகாதாரச் செவிலியர், தஞ்சாவூர் மாவட்டம்

எல்லோரும் உள்ளே போவதைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், நான் வெளியே வருவதைப் பற்றிச் சொல்கிறேன். மலம் என்ற சொல் வந்ததும் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், சிரித்து முடித்ததும் பேச்சைத் தொடர வேண்டும். பள்ளிக் கழிப்பறை சுத்தமாக இல்லை என்று நாள் முழுக்க அடக்கி வைக்கும் பெண் பிள்ளைகளை நிறையப் பார்க்கிறேன். போகக் கூடாது என்பதற்காகத் தண்ணீரே குடிக்க மாட்டார்கள். அடக்க அடக்கப் பெருங்குடல் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், கெட்டியாகிக் கல்லாகும், போகும்போது வலிக்கும், வலிக்குப் பயந்து இன்னும் அடக்குவார்கள். திண்டுக்கல் சார் புழுக்கையை வைத்துச் சொன்ன அதே விஷயம்தான் இது. பிள்ளைகளிடம் மட்டும் சொல்லிப் பயனில்லை, கழிப்பறைக்குத் தண்ணீரும் தாழ்ப்பாளும் வேண்டும் என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் கேட்க வேண்டும். நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

வருடா வருடம் குடற்புழு நீக்க நாளில் அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கப் போவேன். மென்று சாப்பிடும் மாத்திரை. அன்றைக்கே பாடமும் நடத்திவிடுவேன். உருண்டைப்புழு சிறுகுடலில்தான் வாழும், ஸ்கேல் நீளத்துக்கு வளரும். கழுவாத கை வழியே முட்டையாக உள்ளே போகும். கொக்கிப்புழு வெறுங்காலில் தோல் வழியாக ஏறும், குடல் சுவரைக் கவ்வி ரத்தம் குடிக்கும், அதனால்தான் சோகை வருகிறது.

போன முறை ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, "பூச்சிக்கும் வயிறு இருக்குமா சிஸ்டர்?" என்றாள். உருண்டைப்புழுவுக்கு வாய் முதல் ஆசனவாய் வரை குழாய் உண்டு. நாடாப்புழுவுக்கு வாயும் கிடையாது, குடலும் கிடையாது, நாம் செரித்து வைத்ததைத் தன் தோல் வழியாகவே உறிஞ்சிக்கொள்ளும் என்றேன். "அப்ப நம்ம குடல்தான் அதுக்கும் குடலா?" என்றாள். ஆமாம் என்றேன். மாத்திரையை வாங்கி மென்று தின்றுவிட்டு, தம்பிக்கும் கொடுப்பீர்களா என்று கேட்டாள்.