புதுப்பிப்பு: கார் ஷெட் ராக்கைச் சுவரில் பிடிப்பது பற்றி ஒரு திருத்தம்

கார் ஷெட்டில் ஸ்லாட்டட் ஆங்கிள் ராக் (துளை வரிசையுள்ள இரும்பு ஆங்கிள்களைப் போல்ட் போட்டுக் கட்டும் அலமாரி) போடுவது பற்றிய இழையில், 8 மி.மீ. ஆங்கர் போல்ட் (முறுக்கும்போது உறை விரிந்து சுவரைப் பிடிக்கும் போல்ட்) அடிக்கச் சொல்லியிருந்தேன். அது கான்கிரீட்டுக்கும் கெட்டிச் செங்கல்லுக்கும்தான். ஏஏசி பிளாக் (காற்றுத் துளைகள் நிறைந்த, எடை குறைந்த சிமென்ட் கல்) சுவரில் முறுக்க முறுக்க, விரியும் உறை பிளாக்கைப் பொடியாக்கிவிடும். துளையிலிருந்து தூள் கொட்டும், போல்ட் இறுகாமல் சும்மா சுற்றும். அங்கே நீள நைலான் பிளக்கும் ஸ்க்ரூவும் போடுங்கள். துளை போடும்போது டிரில்லில் ஹேமர் மோடு (தட்டித் தட்டித் துளைப்பது) கூடவே கூடாது. எடையைத் தரை தாங்கட்டும். சுவர்ப்பிடிப்பு ராக் முன்னால் சாயாமலிருக்க மட்டுமே.

ராக் பக்கவாட்டில் ஆடுகிறதா? பெரும்பாலும் கார்னர் பிளேட் (மூலையை இறுக்கும் சின்னத் தகடு) விடுபட்டிருக்கும். மேல்தட்டு, அடித்தட்டு இரண்டின் நான்கு மூலையிலும் போடுங்கள்.

ஷெட்டில் இன்வெர்ட்டர் பேட்டரி இருந்தால், அதன் பக்கத்தில் தின்னர், பெட்ரோல் கேன் வேண்டவே வேண்டாம். லெட்-ஆசிட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது, எளிதில் தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் வாயு வரும். ஒரு தீப்பொறி போதும்.