டெக்சாஸில் கரண்ட் பிளான்: பட்டியலில் முதலில் வருவதை எடுக்கலாமா?

புதுக்குடி:
அடுத்த மாதம் டல்லாஸில் ஒரு அபார்ட்மென்ட்டுக்குக் குடிபோகிறோம். கரண்ட் விற்கும் கம்பெனிகளின் பிளான்களை ஒப்பிடும் அரசுத் தளமான பவர் டு சூஸில் ஏகப்பட்ட பிளான்கள். 1000 யூனிட்டுக்கான விலைப்படி அடுக்கி, மேலே இருப்பதை எடுத்தால் போதுமா? மலிவான கம்பெனி என்றால் கரண்ட் அடிக்கடி போகுமா?

மீட்டர்காரன்:
கரண்ட் போவதற்கும் கம்பெனிக்கும் சம்பந்தமே இல்லை. டல்லாஸில் கம்பியும் மீட்டரும் ஆன்கோர் என்ற விநியோக நிறுவனத்துடையவை. யாரிடம் வாங்கினாலும் டெலிவரி கட்டணம் ஒன்றுதான். கரண்ட் போனாலும் ஆன்கோரைத்தான் கூப்பிட வேண்டும்.

பட்டியலில் மேலே வருபவை பெரும்பாலும் பில் கிரெடிட் பிளான்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். டெலிவரி சேர்த்து யூனிட் 16 சென்ட், 1000 தொட்டால் 100 டாலர் தள்ளுபடி என்று வையுங்கள். சரியாக 1000 ஓடினால் பில் 60 டாலர், அதாவது யூனிட் 6 சென்ட். தளத்தில் தெரிவது இந்த 6தான். 990 ஓடினால்? 158 டாலர் 40 சென்ட்! 2000 ஓடினால் 220 டாலர், யூனிட் 11 சென்ட். ஏசி அதிகம் ஓடாத மாதங்களில் அபார்ட்மென்ட் 1000-ஐத் தொடுவதே சந்தேகம்.

அதனால் ஒவ்வொரு பிளானோடும் வரும் ஈ.எஃப்.எல். என்ற விலை விவரத் தாளைத் திறந்து 500, 1000, 2000 என்ற மூன்று விலைகளையும் பாருங்கள். மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் நேர்மையான பிளான். 1000-இல் மட்டும் பள்ளம் விழுந்தால் கிரெடிட் வேலை. மாத அடிப்படைக் கட்டணம், குறைந்த உபயோகத்துக்கான அபராதம் இரண்டும் அதே தாளில் பொடி எழுத்தில் இருக்கும்.

புதுக்குடி:
நன்றிங்க. 'இரவில் இலவசம்' பிளான் எப்படி? ஒப்பந்தத்தைப் பாதியில் விட்டால்?

ஆகஸ்ட்வெயில்:
இரவு இலவசத்துக்கான காசைப் பகல் ரேட்டில் வாங்கிவிடுவார்கள். கோடையில் ஏசி மும்முரமாக ஓடுவது பிற்பகலிலும் மாலையிலும்தான். ராத்திரி கார் சார்ஜ் போடுபவருக்கு வேண்டுமானால் கட்டுபடியாகும்.

ஒப்பந்தம் முடியும்வரை ரேட் மாறாத ஃபிக்ஸட் ரேட்டே எடுங்கள். பாதியில் கம்பெனி மாற்றினால் ரத்துக் கட்டணம் உண்டு. வீடு மாறிப் போகிறீர்கள் என்றால், புது முகவரிக்கு ஆதாரம் காட்டினால் அது கிடையாது. ஒப்பந்தம் முடிய 14 நாள் இருக்கும்போதே கட்டணமின்றி மாறிக்கொள்ளலாம். அந்தத் தேதியைக் காலண்டரில் போடுங்கள், மறந்தால் மாதாமாதம் மாறும் ரேட்டில் தள்ளிவிடுவார்கள். ஜூலை, ஆகஸ்டில் முடியாதபடி காலத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது, அப்போதுதான் வெயிலோடு சேர்ந்து பில்லும் ஏறும்.

மீட்டர்காரன்:
இன்னொன்று. கிரெடிட் ஸ்கோர் இல்லாத புதியவர்களிடம் டெபாசிட் கேட்பார்கள். ப்ரீபெய்டில் டெபாசிட் வேண்டாம், ஆனால் இருப்புத் தீர்ந்தால் கரண்ட்டை நிறுத்திவிடுவார்கள். குடியேறிய பிறகு ஸ்மார்ட் மீட்டர் டெக்சாஸ் தளத்தில் பதிவு செய்தால் 15 நிமிட வாரியாக உபயோகம் தெரியும். அடுத்த பிளானை அந்தக் கணக்கை வைத்து எடுங்கள். பின்னால் ஆஸ்டினுக்கோ சான் அன்டோனியோவுக்கோ போனால் இந்த வேலையே இல்லை, அங்கே நகராட்சி கரண்ட்தான்.