சிங்கப்பூரில் கட்டிய ஜிஎஸ்டியை கோலாலம்பூர் ஏர்போர்ட்டில் வாங்க முடியுமா? அப்பா, அம்மா சனிக்கிழமை கிளம்புகிறார்கள்

குகைக்காரன் (திங்கள் இரவு):

வணக்கம். கொஞ்சம் அவசரம். அப்பாவும் அம்மாவும் சிங்கப்பூரில் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். இருவருக்கும் இதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். நான் சேலத்தில் உட்கார்ந்துகொண்டு போனில் வழி சொல்லிக்கொண்டிருக்கிறேன். சுற்றுலாக்காரர்கள் அங்கே வாங்கும் பொருளுக்குக் கட்டிய ஜிஎஸ்டியைக் கிளம்பும்போது திருப்பித் தருவார்களாம், இந்த வரி விஷயத்தில் எனக்கே வழி தெரியவில்லை.

வாங்கியது இவ்வளவு. என் பையன் காலேஜுக்கு ஒரு லேப்டாப், 2,180 டாலர், அப்பா பாஸ்போர்ட்டைக் காட்டி வாங்கினது. சீராங்கூன் ரோட்டில் ஒரு நகைக்கடையில் சங்கிலி, 1,635 டாலர், அம்மா பாஸ்போர்ட். அப்புறம் ஒரு பெரிய கடையில் சென்ட், சாக்லேட், கோடாலித் தைலம் என்று அம்மா மாடி மாடியாக ஏறி இறங்கி ஒரே நாளில் மூன்று பில் போட்டிருக்கிறார்: 52, 38, 29. மூன்றாவது பில்லின்போது கல்லாவில் இருந்த பெண் பாஸ்போர்ட்டை வாங்கி, மூன்றையும் சேர்த்து வரியைத் திருப்பிக் கேட்பதற்கான ஒரே சீட்டாக அடித்துக் கொடுத்தாராம். அது செல்லுமா?

திட்டம் இதுதான்: சனிக்கிழமை இரவு பஸ்ஸில் கோலாலம்பூர். ஞாயிறு பத்துமலை முருகன். திங்கள் அங்கிருந்து திருச்சிக்கு விமானம், அதற்கு டிக்கெட் போட்டாகிவிட்டது. பஸ்ஸுக்கு இன்னும் போடவில்லை. கோலாலம்பூர் ஏர்போர்ட்டில் இந்த ஜிஎஸ்டியைத் திருப்பிக் கொடுப்பார்களா? ரொக்கமாகவா, பேங்க்கிலா? அப்பாவிடம் டெபிட் கார்டு மட்டும்தான் இருக்கிறது.

நாலுரோட்டான்:

கவலையே வேண்டாம். கோலாலம்பூர் ஏர்போர்ட்டிலேயே கவுண்டர் இருக்கிறது. நான் 2017இல் போனபோது வாங்கிக்கொண்டுதான் வந்தேன். பாஸ்போர்ட், போர்டிங் பாஸ், பில், சாமான். அவ்வளவுதான்.

நாகலூர் காப்பித்தோட்டம்:

நாலுரோட்டுத் தம்பி சொல்வது அந்த வருஷத்துக்குச் சரி. இன்றைக்குச் செல்லாது. மலேசியாவில் 2015 ஏப்ரலில் 6 சதவீத ஜிஎஸ்டி வந்தது, சுற்றுலாக்காரர்களுக்குத் திருப்பித் தரும் ஏற்பாடும் கூடவே வந்தது. 2018 ஜூனில் அந்த வரியைப் பூஜ்யமாக்கினார்கள், செப்டம்பரில் பழைய விற்பனை வரிக்கே திரும்பிவிட்டார்கள். கவுண்டரும் அதோடு போயிற்று. இருந்த காலத்திலும் அது மலேசியக் கடையில் வாங்கிய பொருளுக்குத்தான். சிங்கப்பூர் அரசு வாங்கிய வரியை மலேசியா எதற்குத் திருப்பித் தரப்போகிறது?

குகைத் தம்பிக்கு: நான் பல வருஷம் சிங்கப்பூரில் துணிக்கடைக் கல்லாவில் இருந்தவள், இப்போது ஏற்காட்டில் இருக்கிறேன். இந்தச் சீட்டு அடித்து அடித்தே கை தேய்ந்தது. உங்கள் திட்டத்தில் பஸ்தான் பிரச்சினை. சிங்கப்பூரில் இருந்து சாங்கி அல்லது செலேத்தார் விமான நிலையம் வழியாகவோ, பன்னாட்டுச் சொகுசுக் கப்பலிலோ வெளியேறுகிறவர்களுக்கு மட்டும்தான் வரி திரும்பும். உட்லண்ட்ஸ் பாலம் தாண்டி ஜொகூருக்குள் பஸ் போனதுமே எல்லாச் சீட்டும் வெறும் காகிதம். அந்தச் சோதனைச் சாவடியில் இதற்கென்று கவுண்டரே கிடையாது.

கடையில் பாஸ்போர்ட் காட்டியாயிற்று, சீட்டு வாங்கியாயிற்று, அப்புறம் என்ன என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். சீட்டு பாதி வேலை. எந்த வாசல் வழியாக வெளியே போகிறீர்கள், அப்போது சாமான் எங்கே இருக்கிறது, இந்த இரண்டும்தான் மீதி.

மூன்று பில் விஷயத்தில் அந்தக் கல்லாப் பெண் சரியாகத்தான் செய்திருக்கிறார். வரியோடு சேர்த்து 100 டாலருக்குக் குறையக் கூடாது. ஒரே கடையில் ஒரே நாளில் போட்ட பில்களை மூன்று வரை சேர்க்கலாம். 119 வருகிறது, செல்லும்.

எவ்வளவு வரும் என்று கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். 2,180க்கு 9 சதவீதம் 196 என்று போட்டுவிடாதீர்கள். அந்த விலைக்குள்ளேயே வரி இருக்கிறது. 109ஆல் வகுத்து 9ஆல் பெருக்குங்கள்: லேப்டாப்புக்கு 180, சங்கிலிக்கு 135, மூன்று பில்லுக்கும் சேர்த்து பத்துக்குக் கொஞ்சம் குறைவு. இதிலும் பட்டுவாடா செய்கிற நிறுவனம் தன் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டுதான் தரும்.

நாலுரோட்டான்:

அக்கா, எனக்கு அது தெரியாது. வரி வந்த வேகத்தில் போயிருக்கிறது!

குகைக்காரன்:

அக்கா, ரொம்ப நன்றி. நல்லவேளை பஸ் டிக்கெட் போடவில்லை. தங்கையிடம் சொன்னேன். அவள் ஒரு யோசனை சொல்கிறாள்: சாமானை எல்லாம் அவளே வைத்துக்கொண்டு, பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது சாங்கியில் வாங்கிக்கொள்ளலாமா? அவள் அங்கே எம்ப்ளாய்மென்ட் பாஸில் வேலை பார்க்கிறாள்.

நாகலூர் காப்பித்தோட்டம்:

கூடாது. வேலை பாஸில் இருப்பவருக்கு இந்தச் சலுகையே கிடையாது. அங்கே சம்பாதித்து அங்கே செலவழிப்பவர் சுற்றுலாக்காரர் இல்லை என்பதுதான் கணக்கு. சீட்டு அப்பா, அம்மா பாஸ்போர்ட்டில் பதிவாகியிருப்பதால் அவர்களே பொருளோடு போய்க் கேட்க வேண்டும். வாங்கிய நாளில் இருந்து இரண்டு மாதத்துக்குள் பொருள் அவர்களோடு நாட்டை விட்டுப் போக வேண்டும். பொங்கல் வரை காத்திருக்காது.

சுலபமான வழி ஒன்று இருக்கிறது. கோலாலம்பூருக்கே விமானத்தில் போகட்டும். சாங்கியில் ஏறினால் போதும், இறங்குவது கோலாலம்பூரா திருச்சியா என்று யாரும் கேட்பதில்லை. ஒரு மணி நேரச் சொச்சம்தான் பறப்பார்கள். பத்துமலையும் உண்டு, திருச்சி டிக்கெட்டும் வீணாகாது. பையோடு இரண்டு பேருக்கு டிக்கெட் என்ன விலை, பஸ்ஸுக்கு என்ன ஆகும், இரண்டையும் பார்த்து முடிவு செய்யுங்கள். வித்தியாசம் திரும்பி வரும் வரியைத் தின்றுவிட்டால் பேசாமல் பஸ்ஸிலேயே போகலாம், வயதானவர்களை அலைக்கழிப்பதில் அர்த்தமில்லை.

எதில் போனாலும் மலேசியாவுக்குள் நுழைய டிஜிட்டல் வருகை அட்டை நிரப்ப வேண்டும், தங்கையையே நிரப்பச் சொல்லுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளி:

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். எல்லோரும் திரும்பி வரும் வரியையே பார்க்கிறீர்கள். திருச்சியில் இறங்கும்போது கட்ட வேண்டியதை யாரும் பேசவில்லையே?

லேப்டாப்பால் தொல்லை இல்லை. 18 வயது தாண்டிய பயணி ஒருவர் ஒரு லேப்டாப் கொண்டுவந்தால் சுங்க வரி கிடையாது. அப்பா கையில் வரட்டும். சங்கிலி கதை வேறு. வெளிநாட்டில் ஒரு வருஷத்துக்கு மேல் குடியிருந்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்குத்தான் நகையில் சலுகை: ஆணுக்கு 20 கிராம், பெண்ணுக்கு 40 கிராம். மகள் வீட்டில் சில வாரம் இருந்துவிட்டு வருகிற உங்கள் அம்மாவுக்கு ஒரு கிராமும் இல்லை. முறையாக, வரி கட்ட வேண்டிய பொருள் வைத்திருப்பவர்களுக்கான சிவப்பு வழியில் போய்ச் சொன்னால், சாங்கியில் வாங்கிய 135 டாலரைவிட அதிகமாக இங்கே சுங்கத்தில் கட்ட வேண்டிவரும். சொல்லாமல் கழுத்தில் போட்டுக்கொண்டு வரலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். சிங்கப்பூர், துபாய் விமானம் என்றாலே திருச்சி அதிகாரிகளுக்குக் கழுத்தில்தான் கண். பிடிபட்டால் நகையும் போகும், அபராதமும் வரும், அம்மா முதல் பயணத்திலேயே அழுதுகொண்டு நிற்பார்.

என் யோசனை: சங்கிலியைத் தங்கையிடமே விட்டுவிடுங்கள். தங்கை அங்கே ஒரு வருஷத்துக்கு மேல் இருப்பவர் என்றால் பொங்கலுக்கு வரும்போது 40 கிராம் கணக்கில் கொண்டுவரட்டும், பில்லும் கூடவே இருக்கட்டும். 135 டாலர் வராது, போகட்டும்.

குகைக்காரன்:

இதை எழுதியதற்கு உங்களுக்குக் கோடி புண்ணியம். தங்கை நாலு வருஷமாக அங்கேதான் இருக்கிறாள். அம்மாவுக்கு மனசே இல்லை, "நான் போட்டுப் பார்க்க வேண்டாமா" என்கிறார். கடைசியில், சனிக்கிழமை வரை போட்டுக்கொண்டு கழற்றிக் கொடுத்துவிடுவதாகச் சமாதானம் ஆகியிருக்கிறார்.

விமான டிக்கெட் விலை பார்த்தோம், பஸ்ஸைவிடக் கூடத்தான், ஆனால் லேப்டாப் வரி அதைவிட மேலே நிற்கிறது. அப்பா, "வரி என் பாஸ்போர்ட்டில்தானே இருக்கிறது, நான் மட்டும் பறக்கிறேன், உங்கம்மா பஸ்ஸில் வரட்டும்" என்றார். இப்போது இருவருக்கும் விமானம் போட்டாகிவிட்டது.

அக்கா, ஏர்போர்ட்டில் எங்கே போய் என்ன செய்ய வேண்டும் என்று படிப்படியாகச் சொன்னால் அப்படியே பேப்பரில் எழுதி அனுப்பிவிடுவேன்.

நாகலூர் காப்பித்தோட்டம்:

எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் விஷயம், பையை யோசித்துக் கட்டுவது. சென்ட் பாட்டில் 100 மில்லிக்கு மேல் என்றால் கைப்பையில் விடமாட்டார்கள், பெரிய பெட்டியில்தான் போகும். லேப்டாப்பைக் கைப்பையில் வையுங்கள். ஆக அம்மா சாமான் பெரிய பெட்டியில், அப்பா சாமான் கையில். இதனால் இரண்டு பேரும் இரண்டு இடத்தில் கேட்க வேண்டும்.

பெரிய பெட்டியில் போகிற சாமானுக்கு, பெட்டியைக் கொடுப்பதற்கு முன்பே, செக்-இன் கூடத்தில் இருக்கும் வரித்திருப்ப இயந்திரத்தில் வேலையை முடிக்க வேண்டும். ஏர்லைன் கவுண்டரில் பெட்டி பெல்ட்டில் போய்விட்டால் முடிந்தது, அதிகாரி பொருளைக் காட்டு என்றால் எதைக் காட்டுவீர்கள்? இதில்தான் நம் ஆட்கள் அதிகம் கோட்டை விடுவார்கள். ஆசையாகப் பெட்டியைத் தள்ளிவிட்டு, அப்புறம் இயந்திரத்தைத் தேடுவார்கள்.

இயந்திரத்தில் அம்மா பாஸ்போர்ட்டை வைத்தால் அவர் பெயரில் உள்ள சீட்டுகள் திரையில் வரிசையாக வரும். விட்டுவந்த சங்கிலியும் அதில் இருக்கும், அதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். நாட்டை விட்டு எடுத்துப் போகாத பொருளுக்கு வரி கேட்பது குற்றம். எந்த வழியில் பணம் வேண்டும் என்று கேட்கும், ரொக்கம் என்று அழுத்தட்டும். கிரெடிட் கார்டு இல்லாதவர்களுக்கு அதுதான் நிம்மதி. முடிவில் ஒன்று, அனுமதி ஆயிற்று என்று வரும். அல்லது சுங்கச் சோதனைக் கவுண்டருக்குப் போ என்று வரும். இரண்டாவது வந்தால் பயப்பட ஒன்றுமில்லை, பக்கத்திலேயே இருக்கும் கவுண்டரில் பொருள், அசல் பில், பாஸ்போர்ட் மூன்றையும் காட்டினால் முடிந்தது. திரையில் வரும் அந்த வாசகத்தைப் படிக்காமல் தாண்டிப் போய்விடக் கூடாது, அவ்வளவுதான்.

அப்பா இமிகிரேஷன் தாண்டி உள்ளே போனபிறகு அங்கே இருக்கும் இயந்திரத்தில் இதையே செய்யட்டும். ரொக்கம் தரும் கவுண்டரும் உள்ளேதான் இருக்கிறது. அம்மாவும் பணத்தை அங்கேதான் வாங்க வேண்டும். அனுமதி கிடைத்த 12 மணி நேரத்துக்குள் கிளம்ப வேண்டும், உங்களுக்கு அது பிரச்சினை இல்லை. இருவர் சீட்டையும் ஒரே பாஸ்போர்ட்டில் சேர்க்க முடியாது.

சாக்லேட்டைப் பிரித்துச் சாப்பிடாமல் இருக்கிறார்களா? அங்கேயே தின்று தீர்த்ததற்கு வரி திரும்பாது.

குகைக்காரன்:

அய்யோ அக்கா, தங்கை பிள்ளைகள் இரண்டு டப்பாவைக் காலி செய்துவிட்டன.

நாகலூர் காப்பித்தோட்டம்:

அப்படியானால் அந்தப் பத்து டாலர் சீட்டை விட்டுவிடுங்கள். மூன்று பில்லும் ஒரே சீட்டு, சோதனையில் டப்பா எங்கே என்றால் பதில் இல்லை. பத்து டாலருக்காக அம்மா அந்த வரிசையில் நிற்க வேண்டாம். லேப்டாப்புக்கு மட்டும் கேளுங்கள். இப்போது வேலை பாதியாகக் குறைந்துவிட்டது: செக்-இன் கூடத்து இயந்திரமே தேவையில்லை, எல்லாம் உள்ளே போனபிறகுதான்.

ஓமலூர் பையன்:

இதே இழையில் கேட்டுக்கொள்கிறேன். நான் அடுத்த மாதம் துபாய் போகிறேன். அங்கேயும் இப்படித்தானா? இங்கிலாந்தில் இருக்கும் மாமா அங்கே எதுவும் கிடையாது என்கிறார்.

நாகலூர் காப்பித்தோட்டம்:

மாமா சொல்வது உண்மை. லண்டன் பக்கம் 2021 ஜனவரியோடு கடையில் வாங்கி ஏர்போர்ட்டில் வரி வாங்கும் வழியை மூடிவிட்டார்கள். துபாயில் வரி 5 சதவீதம், 250 திர்ஹாமுக்குக் குறையாமல் வாங்கியிருக்க வேண்டும். தாய்லாந்து என்றால் 7 சதவீதம், ஒரே நாளில் ஒரு கடையில் 2,000 பாட். எந்த நாடானாலும் பெட்டியைக் கொடுப்பதற்கு முன் கேள் என்பதை மட்டும் மறக்காதே தம்பி.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளி:

நம் ஊரில் இந்த வசதி இல்லை என்பது எனக்குத் தீராத வயிற்றெரிச்சல். சிங்கப்பூரில் இருந்தும் மலேசியாவில் இருந்தும் வருகிறவர்கள் கொலுசு எடுக்கும்போது, "3 சதவீத ஜிஎஸ்டியை ஏர்போர்ட்டில் தருவார்களா" என்று கேட்பார்கள். ஐஜிஎஸ்டி சட்டத்தில் 15ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது, வெளிநாட்டுச் சுற்றுலாக்காரர் எடுத்துப் போகும் பொருளுக்கு வரியைத் திருப்பித் தரலாம் என்று. 2017இல் எழுதி வைத்தது, நடைமுறைக்குத்தான் வரவில்லை. கேட்கிறவர்களுக்கு நான் செய்கூலியில் கொஞ்சம் குறைத்துத்தான் அனுப்புகிறேன்.

குகைக்காரன் (செவ்வாய்):

முடிந்தது. இரண்டு பேரும் நேற்றிரவு நாமக்கல் வழியாக வீடு வந்து சேர்ந்தார்கள். சாங்கியில் இயந்திரம் சோதனைக்குப் போ என்றிருக்கிறது. அதிகாரி லேப்டாப்பைத் திறக்கச் சொல்லி, அடியில் இருக்கும் எண்ணையும் பில்லில் இருக்கும் எண்ணையும் விரல் வைத்து ஒப்பிட்டுப் பார்த்து அனுப்பிவிட்டாராம். கட்டணம் பிடித்தது போக மீதியை டாலராகவே கையில் கொடுத்தார்கள். திருச்சியில் லேப்டாப்பைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒரே ஒரு பாக்கி. டாலர் நோட்டை அப்பா மாற்றாமல் அப்படியே கொண்டுவந்திருக்கிறார். சேலத்தில் நம்பிக்கையாக எங்கே மாற்றலாம்?

நாலுரோட்டான்:

தெருவில் நின்று கூப்பிடுகிறவனிடம் வேண்டாம். ரிசர்வ் வங்கி உரிமம் உள்ள இடத்தில் பாஸ்போர்ட் நகல் கொடுத்து மாற்றி, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பொங்கலுக்குத் தங்கை வருகிறாரே, அவரிடமே கொடுத்தால் மாற்றுகிற கமிஷனும் மிச்சம்.