டிசிஐஎஸ் திசுவில் 16க்யூ இழப்பு: அரைகுறையாகத் தெரிந்தால் என்ன அர்த்தம்?

திசுவியல்_மாணவி:
ஒரே பாரஃபின் பிளாக்கில் (மெழுகில் பதித்த மார்பகத் திசு) பால்நாளத்தைத் தாண்டாத புற்றும் (டிசிஐஎஸ்) அதையொட்டி ஊடுருவிய புற்றும் இருக்கின்றன. இரண்டும் முதல் கிரேடு, அதாவது குறைந்த கிரேடு. செக்ஷனை முழுதாகச் சுரண்டி டிஎன்ஏ எடுத்ததில், 16க்யூ (16ஆம் குரோமோசோமின் நீள்கை) மார்க்கரில் ஒரு அல்லீல் (தாய், தந்தை வழி வந்த இரு பிரதிகளில் ஒன்று) குறைகிறதே தவிர மறையவில்லை. பிஐகே3சிஏ மரபணுவில் இ545கே என்ற மாற்றம் 4 சதவீதம். கண்ட்ரோல், பக்கத்து இயல்பான லோபியூல் (பால் சுரக்கும் சிறு மடல்). இழப்பு என்று எழுதலாமா?

பிசிஆர்_மேசை:
இப்போதைக்கு வேண்டாம். புற்றுச் செல் 40 சதவீதம் என்று வையுங்கள். அவை அத்தனையும் ஒரு அல்லீலை இழந்திருந்தாலும், மீதி 60இல் இரண்டும் இருப்பதால் விகிதம் 60க்கு 100 என்றுதான் வரும். மெம்பரேன் ஸ்லைடில் 8-10 மைக்ரான் செக்ஷன் போட்டு, கவர்ஸ்லிப் வைக்காமல், லேசரால் இரு பகுதிகளையும் தனித்தனிக் குழாயில் வெட்டி எடுங்கள். செல் மிகக் குறைந்தால் வேறு சிக்கல்: ஒரு அல்லீல் தற்செயலாகப் பெருகாமல் போய், இல்லாத இழப்பைக் காட்டும். மூன்று முறை தனித்தனியாக ஓட்டி, ஒவ்வொரு முறையும் அதே அல்லீல்தான் குறைகிறதா என்று பாருங்கள்.

மூலக்கூறு_நோயியல்:
முதலில் கண்ட்ரோலை மாற்றுங்கள். புற்றுக்குப் பக்கத்தில் இயல்பாகத் தெரியும் லோபியூலும் அதே இழப்பைச் சுமந்திருக்கலாம். 3பி பகுதியில் (3ஆம் குரோமோசோமின் குறுங்கை) இது 1996இலேயே காட்டப்பட்டது. ரத்தமோ புற்று பரவாத நிணநீர்க்கணுவோ எடுங்கள்.

இ545கே என்பது டிஎன்ஏ எழுத்து ஜி, ஏ ஆகும் மாற்றம். ஃபார்மலினால் சைட்டோசின் சிதைந்து வரும் போலி மாற்றமும் எதிரிழையில் இப்படியேதான் தெரியும். டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆருக்கு முன், இப்படிச் சிதைந்த சைட்டோசினை நீக்கும் நொதியான யூராசில் டிஎன்ஏ கிளைகோசிலேஸ் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். காணாமல் போனால் போலி. அதே மரபணுவின் இன்னொரு மாற்றமான ஹெச்1047ஆர் ஆக இருந்தால் இவ்வளவு சந்தேகப்பட வேண்டாம், அது ஏ, ஜி ஆகும் மாற்றம்.

திசுவியல்_மாணவி:
நன்றி. 16க்யூ உறுதியானால் அதுதான் முதல் மாற்றமா?

மூலக்கூறு_நோயியல்:
குறைந்த கிரேடில் மிக ஆரம்பத்தில் வருவதில் ஒன்று. 1க்யூ (1ஆம் குரோமோசோமின் நீள்கை) கூடுதலையும் சேர்த்துப் பாருங்கள். 1, 16 குரோமோசோம்கள் ஒட்டிக்கொள்வதால் இரண்டும் ஒரே அடியில் நேர்வதுண்டு. அந்த ஒட்டு பருவ வயதிலேயே உருவாகியிருக்கக்கூடும் என்று 2023இல் கியோட்டோ ஆய்வாளர்கள் கணித்தார்கள். உயர் கிரேடின் பாதை வேறு: டிபி53 மரபணு மாற்றம், ஹெர்2 மரபணுப் பெருக்கம். ஹெர்2 பெருக்கம் ஊடுருவிய புற்றைவிட டிசிஐஎஸ்ஸில்தான் அதிகம். அதனால் ஆரம்ப மாற்றம் ஒன்றைக் கண்டதுமே ‘இது ஊடுருவும்’ என்று தயவுசெய்து ரிப்போர்ட்டில் எழுதாதீர்கள்.

உங்கள் பிளாக்கில் பார்க்க வேண்டியது, இரு பகுதியிலும் இழந்தது ஒரே அல்லீலா என்பதை. வெவ்வேறு என்றால் அந்த இழப்பு இரண்டிலும் தனித்தனியாக நேர்ந்தது.